பிடரி நோவும் சீன வைத்தியமும்: மடுல்சீமைத் தோட்டங்களை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

வினாவும் அதன் எல்லையும்

பதுளையிலிருந்து பசறை வழியாக ஏறி மடுல்சீமைக்குச் செல்லும் மலைப்பாதையின் இருமருங்கிலும் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களில், காலை ஆளெடுப்பான பிரட்டு முதல் மாலை நிறுவை வரை கூடையின் கயிற்றைத் தலையில் தாங்கியவாறு கொழுந்து பறித்து வாழ்ந்துவந்த பெண்களுக்குப் பிடரி நோவு ஒரு வியாதியாகத் தோன்றியதில்லை. தொழிலோடு கூடவரும் இயற்கை விளைவாகவே அது கருதப்பட்டு வந்திருக்கிறது. வியாதியென்று கருதப்படாத ஒன்றுக்குச் சிகிச்சையும் முறையாகத் தேடப்படுவதில்லை. நோவெண்ணெயோ சித்தாலேபவோ தடவி, இரவில் ஒத்தடம் கொடுத்து, விடிந்ததும் மறுபடியும் மலைக்குப் போய்விடுவதே வழக்கமாயிற்று.

இந்நோவுக்குச் சீன வைத்தியத்தின் அக்குபங்சரும் அதனோடு சேர்ந்த கைமுறைச் சிகிச்சைகளும் பயன்தருமா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா. பயன்தருமெனின், அப்பயன் எதனால் விளைகிறது, ஊசியாலா, கையாலா, அன்றி நோயாளியின் பக்கத்தில் அமர்ந்து செலவிடப்படும் நேரத்தாலா என்பது அதனுள் அடங்கிய இரண்டாவது வினா. முதல் வினாவைப் பலர் கேட்டிருக்கின்றனர். தோட்டத்தை மனத்திற்கொண்டு பார்க்கும்போது இரண்டாவதே முக்கியமானது என்பது என் துணிபு. விலை மிகுந்த ஒரு சிகிச்சையை நாட்கூலி பெறுவோரிடம் எடுத்துச் செல்லுமுன், அதில் எது சாரம், எது சம்பிரதாயம் என்று பிரித்தறிவது கடமையாகிறது.

இந்நோவு உலகிற் சிறியதன்று. 2020 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 20 கோடியே 30 இலட்சம் பேர் கழுத்து வலியால் வருந்தினரென்றும், ஆண்களைவிடப் பெண்களிடையே அது மிகுதியென்றும், 2050 அளவில் அத்தொகை 27 கோடியை நெருங்குமென்றும் உலக நோய்ச்சுமை ஆய்வு கணித்துள்ளது.

கழுத்தின் மீது விழும் பாரம்

வளர்ந்தவர் ஒருவரின் தலை ஏறத்தாழ 5 கிலோ நிறையுடையது. முன்னோக்கிக் குனியக் குனிய, அதைப் பின்னின்று இழுத்துப் பிடிக்கும் பொறுப்பு பிடரித் தசைகளின் மேல் விழுகிறது. கழுத்தெலும்புகள் ஏற்கும் விசையும் பன்மடங்காகிறது. 60 பாகை குனிந்த நிலையில் அவ்விசை 27 கிலோவை எட்டுமென 2014 இல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்னும் அமெரிக்க முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் கணித்தார். உயிருள்ள கழுத்தில் அளக்கப்படாது, மாதிரி ஒன்றினின்று பெறப்பட்ட இம்மதிப்பு, கைபேசியைக் குனிந்து பார்ப்போரை முன்னிட்டுச் செய்யப்பட்டதாகும். தலையிலே கயிறு போட்டு முதுகிலே கூடை தொங்கவிட்டிருப்பவருடைய கணக்கு வேறு. கூடையின் பாரம் தலையைப் பின்னோக்கி இழுக்க, அதை எதிர்த்து முன்கழுத்துத் தசைகள் இறுகிநிற்க, கண்ணோ கீழே செடியின் மட்டத்தை விட்டு அகலாதிருக்க, கைகள் இரண்டும் ஓயாது முன்னே இயங்கிக்கொண்டிருக்கின்றன. ஒரே வேளையில் கழுத்து இரு திசைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு முழுப் பேர், அதாவது முழு நாட்கூலி, விழுவதற்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவு தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறுவது. பல தோட்டங்களில் அது 16 முதல் 20 கிலோ வரை இருந்துவருகிறது. நிறுவைகள் இடையிடையே நிகழ்வதால் முழு நிறையும் ஒருசேரத் தலையில் ஏறுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் மழை நாளில் ஈரக் கொழுந்தும் நனைந்த கூடையும் சேரும் பாரம் நிறுவைத் தராசிற் பதிவாகும் கொழுந்தின் நிறையைவிடப் பெரிது. தராசில் ஈரத்துக்கென்று கழிக்கப்படும் நிறையைக் கழுத்து கழித்துக்கொள்வதில்லை. மடுல்சீமையின் சரிவுகளோ செங்குத்தானவை. அவற்றில் இறங்கும்போது காலூன்றும் ஒவ்வோர் அதிர்வும் கயிற்றின் வழியே பிடரியைச் சென்றடைகிறது. தலையிற் சுமை சுமப்போரின் கழுத்தெலும்புகள் தேய்வடைவதைக் கானாவிலும் கொங்கோவிலும் நிகழ்ந்த ஆய்வுகள் கதிர்ப்படங்கள் வாயிலாகக் காட்டியுள்ளன. கயிற்றால் தொங்கும் சுமைக்கும் அம்முடிவு முழுவதும் பொருந்துமென்று சொல்ல இயலாதெனினும், திசை ஒன்றே.

பிடரி நோவு என்று ஒரே பெயரால் வழங்கப்படுவன உண்மையில் பலவாகும். தசை இறுக்கத்தால் வரும் பிடிப்பும் சுளுக்கும் ஒரு வகை. எலும்பும் இடைவட்டும் தேய்ந்து வருவது மற்றொன்று. நரம்பு நெருக்கப்பட்டுக் கைவரை விறுவிறுத்து விரல்கள் மரப்பது மூன்றாவது. முதலாவதற்குக் கை உதவக்கூடும். மூன்றாவதை ஆராயாமல் அழுத்திப் பிசைவது தீங்காக முடியலாம். இப்பேதத்தை அறியும் பயிற்சியே எச்சிகிச்சைக்கும் முதற்படியாகும்.

சீனத்து முறையில் ஊசிக்கு முன் வந்தவை

அக்குபங்சர் ஐயாயிரம் ஆண்டுப் பழைமையுடையதென்று அதன் அபிமானிகள் கூறுவதுண்டு. கிடைத்துள்ள ஆதாரங்கள் அதனினும் சுவையான ஒரு வரலாற்றைச் சொல்கின்றன. சீனாவின் மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168 இல் மூடப்பட்ட ஒரு கல்லறை 1973 இல் திறக்கப்பட்டபோது, அதனுள்ளிருந்து வைத்திய ஏடுகள் வெளிப்பட்டன. சரீரத்தில் ஓடும் நாளங்களைப் பற்றியும், அவற்றின் மேல் மூலிகையைக் கொளுத்திச் சூடு வைப்பதைப் பற்றியும் அவை விரித்துரைக்கின்றன. ஊசி குத்தும் வைத்தியத்தைப் பற்றி அவற்றிற் பேச்சில்லை. அதற்குப் பிந்தித் தொகுக்கப்பட்ட மஞ்சள் பேரரசர் வைத்திய நூலிலேயே ஊசிச் சிகிச்சை ஒரு சாஸ்திரமாக உருப்பெறுகிறது. அதன் பின்னரும் அது இடையறாது போற்றப்பட்டதென்று கொள்வதற்கில்லை. 1822 இல் சீனப் பேரரசரே அரண்மனை வைத்தியக் கழகத்தினின்று ஊசிச் சிகிச்சையை விலக்கினார். இன்று உலகம் காணும் ஒழுங்குபட்ட வடிவம் 1950 களுக்குப் பின் மக்கள் சீனக் குடியரசு புதுப்பித்து எடுத்ததாகும். இதனால் அம்முறை மதிப்பிழந்துவிடுவதில்லை. பழைமையைச் சான்றாகக் காட்டுவது மட்டும் வலுவிழக்கிறது. சூடும் கையும் ஊசிக்குப் பின்னால் வந்த துணைகள் என்னும் எண்ணமும் திருத்தம் பெறுகிறது.

பிடரி நோவுக்குச் சீன வைத்தியர் தேர்ந்தெடுக்கும் இடங்கள் ஏறத்தாழ நிலைபெற்றவை. மண்டையோட்டின் அடியில், பிடரித் தசைக்கு வெளிப்புறமாக இருபக்கமும் அமைந்த பள்ளங்கள், தோளின் உச்சிமேடு, சுண்டுவிரல் மூட்டுக்குப் பின்னே உள்ளங்கையின் ஓரம், புறங்கையில் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடைப்பட்ட எலும்புகளின் நடுவிடம் ஆகியவை அவை. இறுதியிற் சொன்னது விசேஷமானது. கழுத்து திடீரெனப் பிடித்துக்கொண்டால், நோவிடத்தைத் தொடாது, கையில் ஊசி நிற்க, நோயாளியை மெல்ல மெல்லக் கழுத்தைத் திருப்பச் சொல்வர். நோவு குறைவது ஊசியாலா, அச்சம் நீங்கி அசையாத கழுத்து அசைந்ததாலா என்னும் ஐயத்துக்கு இவ்வழக்கமே தோற்றுவாய்.

ஊசியோடு சேர்ந்து வருவன துய்னா எனப்படும் பிசைந்து உருட்டி அழுத்தி இழுக்கும் கைமுறை, குவளை வைத்து உறிஞ்சுதல், எண்ணெய் பூசி வழவழப்பான விளிம்பால் தோல் சிவக்கத் தேய்த்தல், மூலிகைச் சூடு ஆகியன. கழுத்துப் பிடிப்புக்குக் காற்றும் குளிரும் காரணமென்பது அவர்தம் கொள்கை. மடுல்சீமை அடங்கிய, கச்சான் காற்று வீசும் ஊவாவில் இதை அந்நியக் கருத்தென்று எவரும் எண்ணார். நம் சித்த வைத்தியமும் நோவையும் பிடிப்பையும் வாதத்தின் கணக்கிலேயே எழுதுகிறது.

இலங்கைக்கு வந்த வழி

1971 இல் பீக்கிங்கில் குடல்வால் சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன், அதற்குப் பின் எழுந்த வயிற்று வேதனைக்கு ஊசிச் சிகிச்சை பெற்றதை நியூயோர்க் டைம்ஸில் எழுதினார். மறு ஆண்டில் நிக்சனின் சீனப் பயணமும் சேர, மேலைநாடுகளின் கண் அப்பக்கம் திரும்பியது. 1952 இன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் முதலே சீனாவோடு நெருங்கியிருந்த இலங்கைக்கு அம்முறையைக் கற்பது அரிதாயிருக்கவில்லை. வாதநோய் நிபுணரான அன்டன் ஜயசூரிய 1970 களில் அதைக் கற்று, களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் அக்குபங்சர் நிலையமொன்றை நடத்தினார். பல நாடுகளினின்றும் மாணவர் அவரிடம் வந்து பயின்றனர். 2005 இல் அவர் காலமாகும்வரை இத்துறையில் இலங்கையின் பெயர் அவர் பெயரோடே பிணைந்திருந்தது.

மேலைவைத்தியம் கற்ற ஒருவர் அரசாங்க வைத்தியசாலையின் கூரைக்குள் சீன ஊசியைக் கொண்டுவந்தது துணிவான காரியம். ஆனால் அவர் விட்டுச்சென்ற மரபு கற்பித்தலின் மரபாகவும் பரப்புதலின் மரபாகவுமே பெரிதும் அமைந்தது. எந்தப் புள்ளிக்கு எந்த நோய் என்று விரிவாகச் சொல்லிச் செல்லும் நூல்கள், அச்சிகிச்சை பெறாதவரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பிரமாணத்துக்கு ஈடாகமாட்டா. தவிரவும், களுபோவிலையில் நிலைத்த ஒன்று மடுல்சீமை வரை ஏறவில்லை. இலங்கையின் வைத்திய வரலாற்றில் கொழும்பில் ஊன்றப்பட்டவை பலவற்றுக்கும் நேர்ந்த கதி இதுவே.

பிரமாணங்களை நிறுத்துப் பார்த்தல்

ஊசியைச் சோதிப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மாத்திரையாயின் மருந்தற்ற மாத்திரையை ஒரு சாராருக்குக் கொடுத்து ஒப்பிடலாம். ஊசியை எவ்வாறு பொய்யாகக் குத்துவது? தோலைத் துளைக்காமல் கைப்பிடிக்குள் ஏறிவிடும் பொய்யூசியும், மின்சாரம் பாயாத கருவியும், ஒளி வராத லேசரும் இதற்காகவே உண்டாக்கப்பட்டன. ஆகவே ஆய்வுகளை வாசிப்போர், அவை எதனோடு எதை ஒப்பிட்டன என்பதை முதலிற் கேட்டல் வேண்டும்.

வழக்கமான வைத்தியத்தோடு ஒப்பிட்டவை தெளிவான நன்மையைக் காட்டுகின்றன. 2006 இல் ஜெர்மனியில் வெளிவந்த பேராய்வில் நெடுநாட் கழுத்து வலியுடைய 14,161 பேர் சேர்ந்தனர். அவருள் குலுக்கல் முறையில் வகுக்கப்பட்டவரில், மூன்று மாதத்தில் 15 அமர்வுகள் வரை ஊசி பெற்றவர் பெறாதவரைவிடக் குறிப்பிடத்தக்க சுகம் கண்டனர். பொய்ச் சிகிச்சையோடு ஒப்பிட்டவை அவ்வாறு உரக்கப் பேசுவதில்லை. 2004 இல் இங்கிலாந்தில் 135 பேரிடம் நிகழ்ந்த ஆய்வில், ஊசி பெற்றவரும் மின்சாரம் பாயாத கருவி பெற்றவரும் இருசாராருமே நன்கு தேறினர். இருவர்க்கும் இடைப்பட்ட வேறுபாடு கணிதத்தில் மெய்யெனினும் வைத்தியத்திற் பொருட்படுத்தத் தக்கதன்று என்று ஆய்வாளரே எழுதினர். 2001 இல் ஜெர்மனியில் 177 பேரிடம் ஊசியும் உடற்பிசைவும் பொய் லேசரும் ஒப்பிடப்பட்டன. ஊசி பிசைவை வென்றது. பொய் லேசரைத் தெளிவாக வெல்லவில்லை. 39 ஆய்வுகளில் 20,827 நோயாளரின் தனித்தனித் தரவுகளைத் திரட்டி 2018 இல் வெளிவந்த தொகுப்பும், ஊசியின் மேம்பாடு பொய்யூசிக்கு எதிரே சிறிது, சிகிச்சையின்மைக்கு எதிரே பெரிது, பெற்ற பயன் ஓராண்டின் பின்னும் பெரும்பாலும் நிலைக்கிறது என்றே முடித்தது.

சீனாவிலிருந்து வந்த ஆய்வுகள் இதனினும் உற்சாகமானவை. அந்த உற்சாகமே எச்சரிக்கைக்குக் காரணமாகிறது. அங்கிருந்து வெளிவந்தனவாகத் தாம் ஆராய்ந்த அக்குபங்சர் ஆய்வுகள் அனைத்தும் வெற்றியையே அறிவித்திருந்ததை 1998 இல் அன்ட்ரூ விக்கர்ஸ் என்னும் ஆய்வாளரும் தோழரும் சுட்டிக்காட்டினர். தோல்வியே காணாத ஒரு சிகிச்சை உலகில் இல்லையாதலின், தோல்விகள் அச்சேறவில்லை என்பதே நியாயமான அனுமானம்.

ஊசிக்குச் சரீரத்தில் விளைவே இல்லையென்று சொல்லுவதற்கும் இடமில்லை. தொடுகையும் அழுத்தமும் முண்ணாணிலேயே வலியின் வழியை மறிக்கக்கூடும் என்னும் கருத்தை 1965 இல் மெல்சாக், வோல் என்னும் ஆய்வாளர் இருவர் முன்வைத்தனர். ஊசித் தூண்டலால் மூளையின் இயற்கை வலிநீக்கிகள் சுரப்பதைப் பீக்கிங்கின் ஹான் ஜீஷெங் பல்லாண்டு ஆராய்ந்தார். ஊசி நின்ற இடத்தில் அடெனோசின் பெருகி வலியைத் தணிப்பதை 2010 இல் எலிகளிற் கண்டனர். இவை யாவும் மெய். ஆனால் இவற்றுள் ஒன்றாவது நாளங்களின் வழி ஓடும் ஜீவசக்தியை வேண்டிநிற்பதில்லை. சீனர் குறித்த புள்ளியிலேதான் குத்தவேண்டும் என்பதற்கும் இவை உறுதியான சாட்சியாகா.

இவ்வாய்வுகளுள் மடுல்சீமைக்கு மிகவும் பயன்படுவதென நான் கருதுவது 2015 இல் யோர்க் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டது. நெடுநாட் கழுத்து வலியுடைய 517 பேரை மூன்று கூட்டமாக்கி, ஒரு கூட்டத்தாருக்கு 50 நிமிட அக்குபங்சர் அமர்வுகள் 12 வரையும், இன்னொரு கூட்டத்தாருக்கு உடலை நிறுத்தும் முறையைக் கற்பிக்கும் அலெக்சாண்டர் பாடங்கள் 30 நிமிடமாக 20 வரையும் அளித்து, மூன்றாம் கூட்டத்தாரை வழக்கமான வைத்தியத்தோடு விட்டனர். ஓராண்டின் முடிவில் ஊசி பெற்றவருக்கும் பாடம் பெற்றவருக்கும் நோவும் அதனால் வந்த இயலாமையும் ஏறத்தாழ ஒரே அளவிற் குறைந்திருந்தன. இருசாராருக்கும் ஒருவரோடொருவர் இருந்து பெற ஒதுக்கப்பட்ட நேரம் 600 நிமிடம் வரை. ஒன்றில் ஊசி உண்டு, மற்றதில் இல்லை. பயன் மட்டும் ஒத்திருந்தது.

கை என்னும் கருவி

பிசைதலின் அளவைப் பற்றி 2014 இல் அமெரிக்காவில் 228 பேரிடம் நிகழ்ந்த ஆய்வு ஒன்று, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரு மணி நேரம் பிசைவதே பயன்தருகிறது, அரைமணி நேரப் பிசைவு எத்தனை முறையாயினும் போதவில்லை என்று கண்டது. சீனர் முறையில் தோலைத் தேய்த்துச் சிவக்கச் செய்தல் ஒரு வாரத்தளவில் நோவைக் குறைத்ததை 2011 இல் ஜெர்மனியில் 48 பேரிடம் கண்டனர். அதற்கு மேல் அந்த ஆய்வு எதையும் நிறுவவில்லை. கைமுறையாற் கழுத்தெலும்புகளைச் சரிசெய்தல் மாத்திரைகளைவிட மேலானதென்று 2012 இல் 272 பேரிடம் நிகழ்ந்த ஆய்வு காட்டியது. அதே ஆய்வில், ஓரிரு அமர்வுகளிற் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்யும் கழுத்துப் பயிற்சி, பன்னிரண்டு வாரம் பெற்ற கைச்சிகிச்சைக்கு ஏறத்தாழ நிகராயிற்று. இச்செய்தி உரிய அளவு பரவாதது வருத்தத்துக்குரியது.

தோட்டத்தில் கைவைத்தியம் புதிதன்று. சுளுக்கு வழிக்கும் முதியவள் அநேகமாக ஒவ்வொரு லயத்துக்கும் எட்டும் தொலைவிலேயே இருக்கிறாள். வர்மம் அறிந்தவரென்று பெயர்பெற்றோரும் உண்டு. சிங்களக் கிராமங்களில் முறிவு வைத்தியர் மரபு தழைத்திருக்கிறது. எண்ணெயிட்டு மெல்ல நீவி, நோவு இருக்குமிடத்தை விரலால் தேடி, அங்கே பெருவிரலை ஊன்றி நிறுத்தும் அவர்தம் செயலுக்கும் துய்னாவுக்கும் உள்ள வேறுபாடு கையில் இல்லை. எந்தக் கழுத்தைத் தொடக்கூடாதென்று அறிவதிலேயே இருக்கிறது. சீனத்திலிருந்து கற்கவேண்டியது ஒன்றிருக்குமாயின், 1950 களில் அவர்கள் தமது கிராமத்துக் கைவினையாளரை அழைத்துப் பள்ளியில் அமர்த்தி, சரீர சாஸ்திரமும் சுத்தமும் கற்பித்து, அரசாங்க வைத்தியசாலைக்குள் இடங்கொடுத்த ஒழுங்கே அது. புள்ளிகளின் பட்டியல் அதற்கு அடுத்தபடியே.

அபாயங்கள்

ஜெர்மனியில் ஊசிச் சிகிச்சை பெற்ற 2,29,230 பேரைப் பின்தொடர்ந்து 2009 இல் வெளியிட்ட கணக்கில், 8.6 சதவீதத்தினருக்குச் சிறு உபாதைகளேனும் நேர்ந்தன. நுரையீரலைச் சூழ்ந்த வெளியில் காற்றுப் புகுந்த நிகழ்ச்சி இரண்டே. தோள் உச்சியில் ஆழக் குத்துவது அத்தகைய விபத்துக்கு வழி. ஊசியை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தினால் ஈரல் அழற்சி பரவக்கூடும். இவ்விரண்டும் பயிற்சியாலும் ஒழுங்காலும் தவிர்க்கத் தக்கவை. இவற்றினும் அஞ்சத்தக்கது கழுத்தைச் சட்டென்று திருகிச் சொடுக்குவது. சலூனில் முடிவெட்டியபின் செய்யப்படும் இவ்வுபசாரத்தால் மூளைக்குச் செல்லும் நாடி கிழிந்துபோவதுண்டு. அது அபூர்வமே, நேர்ந்தால் மீட்சி கடினம். தோட்டத்துக்குக் கொண்டுவரத் தகுந்த எம்முறையிலும் திருகலுக்கு இடமிருத்தலாகாது.

மலைக்கு எது ஏறும்?

2021 இல் பிரித்தானிய சுகாதார நெறியாக்க நிறுவனம், வேறு காரணம் விளங்காத நெடுநாள் வலிக்கு, நோயாளி ஒருவருக்கு மொத்தம் 5 மணி நேரத்துக்கு மேற்படாத அக்குபங்சரை ஆலோசிக்கலாமென்றது. அதே நிறுவனம் 2016 இல் இடுப்பு வலிக்கு அதைக் கொடுக்கலாகாதென்றிருந்தது. அறிஞர் இன்னும் ஒருமுகப்படவில்லை என்பதற்கு இதுவே போதிய சாட்சி. அந்த 5 மணி நேரத்தை மடுல்சீமைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். பதுளைக்குப் போய்ப் பெறுவதாயின் ஒவ்வோர் அமர்வுக்கும் ஒரு நாட்பேர் போகும். 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டதை நினைத்தால், ஐந்தாறு அமர்வுகளுக்கு இழக்கும் கூலியே சிகிச்சையின் விலையைத் தொட்டுவிடும். பஸ் கட்டணம் வேறு. நோவைப் போக்கச் சென்றவர் இழந்த பேரை ஈடுசெய்ய மேலும் குனிந்து பறிப்பாராயின் சிகிச்சை தன்னையே தோற்கடித்துக்கொள்ளும்.

1912 ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கியது. அச்சட்டம் உண்டாக்கிய டிஸ்பென்சரி, காய்ச்சலையும் கொக்கிப்புழுவையும் பிரசவத்தையும் கண்டது; தொழிலால் வரும் நோவைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை. நோவுக்கென்று அது கொடுத்தது மாத்திரை. கையும் நேரமும் வேண்டப்படும் நோய்க்கு மாத்திரையே விடையாகிவந்த இம்மரபை மாற்றுவதற்கு ஊசி கட்டாயமன்று. தோட்டத்திலேயே பயிற்றப்பட்ட, ஆபத்தின் அறிகுறிகளை அறிந்த, தமிழில் நோயாளியோடு பேசத் தெரிந்த ஒருவர் இருந்தாலே போதும். குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக்காம்பராவுக்கு ஆயா நியமிக்கப்படுவதைப் போல் அவரும் தோட்டத்தின் நியமனமாக வேண்டும்.

மடுல்சீமையில் ஒரு பரிசோதனை நடத்தப்படுமாயின் அது மூன்று கூட்டமாக அமைதல் நலம். ஒன்று, பயிற்சி பெற்றவரின் அக்குபங்சரும் கைச்சிகிச்சையும் பெறுவது; இரண்டு, கைச்சிகிச்சையையும் வீட்டுப் பயிற்சியையும் மட்டும் பெறுவது; மூன்று, எச்சிகிச்சையும் இன்றிக் கூடையின் கயிற்றைத் தலையினின்று இறக்கி, பாரத்தைத் தோள்களுக்கும் இடுப்புக்கும் பகிர்ந்தளிக்கும் பட்டைகளைப் பெறுவது. அமர்வுகள் வேலை நேரத்துக்குள், பேர் குறையாமல் நடத்தல் வேண்டும். கொழுந்து பெருகும் மாதங்களிலும் வறண்ட மாதங்களிலும் நோவு அளக்கப்படவேண்டும், ஓராண்டாவது தொடரவேண்டும். அளவையில் நோவோடு உறக்கமும், பிள்ளையைத் தூக்க முடிகிறதா, பீலியிலிருந்து குடம் சுமக்க முடிகிறதா என்பனவும் சேரவேண்டும். நோவு குறைந்தவரிடம் கூடுதல் கிலோ எதிர்பார்க்கப்படமாட்டாதென்ற உறுதி, ஆய்வு தொடங்குமுன் தோட்ட நிருவாகத்திடமிருந்தும் தொழிற்சங்கத்திடமிருந்தும் எழுத்திற் பெறப்படவேண்டும். மூன்றாம் கூட்டம் ஏனைய இரண்டையும் விஞ்சுமாயின், ஊசிகளுக்கு ஒதுக்கிய பணத்தைப் பட்டைகளுக்குத் திருப்புவதென்ற ஏற்பாடும் அதே பத்திரத்தில் இடம்பெறல் வேண்டும்.